ரூத்தக்கா விரிக்காத பத்துச் சீட்டு

செவ்வாய்க்கிழமை காலையில் மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுக்காரர் என் பக்கம் வருவதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. மலேயாவிலிருந்து என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் ஏதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். சண்டை முடிந்ததிலிருந்து யார் என்னைத் தேடி வந்தாலும் எனக்கு அந்த நினைப்புதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஒங்க ரூத்தம்மா விடிகாலையில போயிட்டாகளாம்” என்றார். அப்பாடா, அது இல்லை என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்காக ரூத்தக்காவிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரூத்தக்கா ராஜபாளையத்தில் எங்களோடு நூல் சுற்றியவர். அதற்கு முன்பு மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயாவாக இருந்தார். துரைசானி கப்பல் ஏறும்போது அவருக்கு ஒரு சீட்டுக்கட்டு கொடுத்துவிட்டுப் போனாராம். நம் ஆட்கள் மரத்தடியில் விளையாடும் சீட்டு இல்லை அது, வெள்ளைக்காரர்கள் குறி பார்க்கிற சீட்டு. உள்ளங்கையை விடப் பெரியது, முழுக்கப் படம். தலைகீழாகத் தொங்குகிறவன், கிண்ணம் ஏந்தியவன், குதிரைமேல் எலும்புக்கூடு என்று எத்தனையோ. அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, வேதப் புத்தகம் இருக்கும் பெட்டிக்கு எட்டத்தில் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை தொடமாட்டார். சர்ச் உபதேசியார் இதைக் கண்டித்தபோதுகூட, “உபதேசியாரே, நான் சாமி கும்பிடுதது கோயில்ல. இது பொம்பளைக அழுதுட்டுப் போற எடம்” என்றாராம்.

சீட்டைப் படிப்பதை விட, எந்த விரிப்பு, அதாவது எத்தனை சீட்டை எப்படிப் பரப்புவது என்று முடிவு செய்வதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். சின்ன விஷயத்துக்கு ஒற்றைச் சீட்டு. நேற்று, இன்று, நாளை என்று பார்க்க மூன்று. பயணம், வழக்கு என்றால் குதிரை லாடம் போல வளைத்து ஏழு. எல்லாவற்றுக்கும் பெரியது பத்துச் சீட்டு. அதைச் சிலுவை போல வைக்க வேண்டும், பத்தாவது சீட்டு முடிவைச் சொல்லிவிடும் என்பார். அவர் அதை விரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில் பேச்சியம்மாள், எருமை காணாமல் போய்விட்டது, பத்தும் விரித்துப் பாருங்கள் என்று வந்து நின்றாள்.

“ஏட்டி, எருமைக்கு எதுக்குச் சிலுவை? அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று சொல்லி ஒற்றைச் சீட்டு எடுத்தார். தலைகீழாகத் தொங்குகிறவன் வந்தான். “கயிறு எங்கயோ மாட்டிக் கெடக்கு. மரம் மரமாப் போய்த் தேடு.” எருமை செண்பகத்தோப்புப் பாதையில் ஒரு புளியமரத்தில் கயிறு சுற்றி நின்றது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு அவர் சொன்னதை மட்டும் நான் மறக்கவில்லை: “கேள்வி எம்புட்டோ அம்புட்டுதான் விரிக்கணும். கூடுதலா விரிச்சா, மிச்ச எடத்துல பயம் வந்து உக்காந்துக்கிடும்.”

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்ட மலேயா போனவர். சிங்கப்பூர் விழுந்த பிறகு கடுதாசி நின்றுவிட்டது. இரண்டு வருஷம் ஆனதும் மம்சாபுரத்தில் எங்கள் தெருவே என் கழுத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது. இல்லாதவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் ஆத்மா அலையும் என்று யாரோ அவரைப் பெற்ற அத்தையிடம் சொல்லிவிட்டார்கள். அவர் உயிரோடு இல்லை என்று ரூத்தக்காவின் சீட்டு சொன்னால் மறுநாளே கருமாதி, என் தாலியையும் இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று. அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு ரூத்தக்கா வீட்டுக்கு வந்தார்.

“பத்தும் வையி ரூத்து. எம் மவன் இருக்கானா இல்லையான்னு தெரியணும்.”

ரூத்தக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கலைத்தார். “அந்தக் கேள்விக்கு எங்கிட்ட விரிப்பு இல்ல, பெரியம்மா. இவ என்ன செய்யணும்னு கேளுங்க. அதுக்கு மூணு போதும்.”

“மூணா? கஞ்சிக்குத் தொட்டுக்கிடக்கூடக் காணாதே!”

ஆனாலும் மூன்றுதான் வைத்தார். முதலில் கிண்ணம். இரண்டாவதில் கண்ணையும் கையையும் கட்டி, சுற்றிலும் கத்தி நட்டு, நடுவில் ஒரு பெண் நின்றாள். அது நான்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. மூன்றாவது சீட்டைத் திருப்பியதும் அத்தை சட்டென்று அதைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கோபுரம்! தாயாரே, கோபுரம் காட்டிட்டியே! எம் மவன் இருக்கான்!”

உயரமான ஒரு கோபுரம். உச்சியில் மின்னல். அத்தை பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தைக் கும்பிடாமல் பல் துலக்காதவர். நான் பயந்துகொண்டே, “அத்தை, மேலருந்து ரெண்டு பேரு விழுதாவளே” என்றேன்.

“விழலட்டி, எறங்கி வாராவ. அதுல ஒருத்தன் என் புள்ள. ஏன் ரூத்து, நான் சொல்லுதது சரிதானே?”

ரூத்தக்கா சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டார். “பெரியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். என் தாலி கழுத்தில் நின்றது.

அக்கா போவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், மில் விட்டதும் அவரைப் பார்க்கப் போனேன். கால் வீங்கி, மூச்சு இழுத்தது. பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொன்னார்.

“ஏட்டி, எனக்கு ஒண்ணு விரி.”

“எனக்கு என்ன தெரியும் அக்கா? என்ன கேள்வின்னாவது சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன். நீ எத்தனை எடுக்கேன்னுதான் பாக்கணும்.”

பிழைப்போமா என்பதுதான் கேள்வி என்று எனக்குத் தெரியும். கலைத்தேன். என் கை தானாகவே மூன்றோடு நின்றுவிட்டது. போர்வைமேல் மூன்றையும் கவிழ்த்து வைத்தேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது.

“திருடி. நானும் அன்னைக்கு உங்க அத்தைக்கு இப்படித்தான். பத்தாவது என்ன வருமோன்னு பயந்து மூணுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டேன். அங்கயும் கெட்டது வந்து நின்னுட்டுது. அந்தக் கோபுரம் நல்ல சீட்டு இல்லட்டி. இடி விழுந்து சரியுத கோபுரம். கட்டுலயே மோசமானது அதுதான்.”

“ஏங்க்கா அன்னைக்குச் சொல்லல?”

“உன் கழுத்தப் பாத்தேன். வாய் வரல. பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல. அதக் கர்த்தர்கிட்டப் பேசிக்கிடுதேன்.”

“திருப்பவா அக்கா?” என்றேன்.

“வேண்டாம். கவுந்தே கெடக்கட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

எல்லாருக்கும் தைரியம் சொன்னவர். அவருக்கும் பயம் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விளக்கு வைக்கும் நேரமானதால், அவர் சொன்னபடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு நான் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இதை யாராவது எங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினால், கோபுரத்தைப் பற்றி அக்கா சொன்னதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் இன்றைக்கும் பஸ் நிற்கிற நேரமெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கிறார். மலேயாவிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாளே, பிள்ளையைப் பர்மாவுக்கு அனுப்பிய ஒருத்தி என்னிடம் வந்து, டப்பா உன்னிடம்தானே இருக்கிறது, பத்தும் விரித்துச் சொல் என்று அழுதாள். எனக்கு விரிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும்தானே அந்தப் பத்தாவது சீட்டு வேண்டும்.

அக்கா, அந்த மூன்று சீட்டையும் கட்டோடு சேர்க்கவில்லை. நான் வைத்தபடியே கவிழ்த்து, உங்கள் ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் கேள்வி முடிந்துபோனது, இனி அதில் இருப்பது என் கேள்விதான் என்று தோன்றுகிறது. தினமும் ஒரு கை அதன் பக்கம் போகிறது, இன்னொரு கை தாலியைப் பிடித்துக்கொள்கிறது. இன்றைக்கும் திருப்பவில்லை. நீங்கள் பயமில்லாமல் போய் வாருங்கள்.