பக்கவாட்டுக்காரி

ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் பித்தானை அமுக்குவதுதான் அவளுடைய வேலை. காலையில் போய் மூலையிலிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தால் மேலே, கீழே, மேலே, கீழே. அவ்வளவுதான். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள். அவள் பார்ப்பதெல்லாம் முதுகுதான். அழுகிற முதுகு எது, பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் நிற்க முடியாமல் தவிக்கிற முதுகு எது, பில்லைப் பார்த்துவிட்டு வருகிற முதுகு எது, எல்லாம் அத்துப்படி. எல்லாருக்கும் அவள் லிஃப்ட்டம்மா.

வாய்க்குப் பஞ்சமில்லாதவள். காது மூக்கு தொண்டைக்காரர் ஒருமுறை, "நாள் பூரா இந்தப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கீங்களே, அலுக்கலையா?" என்று கேட்டார். "நீங்க நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாக்குறீங்களே டாக்டர், அதுக்கு இது பரவாயில்ல" என்றாள். அன்றிலிருந்து அவர் படிக்கட்டில் போக ஆரம்பித்துவிட்டார்.

ஆனாலும் அலுப்பு இல்லாமலா இருக்கும்? ஒருநாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே அவளும் எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணும் மட்டும். ஆள் வந்து சரிசெய்யும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று அந்தப் பெண் தன் போனைக் காட்டினாள். ஊர் ஊராக யார் யாரோ சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைக்கிறார்களாம். எங்கே என்கிற குறிப்பைப் போனில் போட்டுவிடுகிறார்களாம். அம்புக்குறி வழிகாட்டும். நாம் போய்க் கண்டுபிடித்து, உள்ளேயிருக்கும் காகிதத்தில் நம் பெயரை எழுதிவிட்டு, இருந்தபடியே திரும்ப வைத்துவிட வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயர்.

"இதுக்கு மேல கீழன்னு போகணுமா?"

"இல்லக்கா, நடக்கணும்."

"பக்கவாட்டுலயா?"

"ஆமாக்கா, பக்கவாட்டுலதான்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"அப்ப எனக்கு அது வேணும்" என்றாள் லிஃப்ட்டம்மா.

விளையாட்டில் ஆளுக்கு ஒரு புனைபெயர் வேண்டும் என்றார்கள். 'பக்கவாட்டுக்காரி' என்று போட்டுக்கொண்டாள். லீவு நாளானால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், நூலகத்துச் சுவர் இடுக்கில், தண்ணீர்த் தொட்டியின் காலடியில் என்று ஊருக்குள்ளேயே பல பெட்டிகள். அத்தனை வருஷம் அந்த ஊரில் குடியிருந்து அவள் பார்க்காத சந்து பொந்தெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் பார்த்தாள்.

வீட்டில் இது பிடிக்கவில்லை. முதலில் ஆரம்பித்தது நாத்தனார்தான்.

"என்ன அண்ணி, இந்த வயசுல புதர் புதரா நுழையுறீங்களாமே? ஆடு மாதிரி?"

"ஆடு மேயும். நான் தேடுறேன். நீங்க பொழுதன்னிக்கும் டிவி முன்னாடி மேயுறீங்களே, நான் ஏதாவது கேட்டேனா?"

நாத்தனார் இதை அப்படியே அண்ணன் காதில் போட்டாள். சும்மா போடுவாளா, கண்ணு மூக்கு வைத்துப் போட்டாள். அவர் ஒரு மருந்துக் கிடங்கின் வாசலில் காவல் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷர், கையில் காசு இருந்தால் அவளுக்குப் பூரியும் வாங்கி வருவார், புத்தியும் சொல்வார். ஆனால் உலகத்தையே ஒரு கேட்டாக நினைத்துவிட்டவர். யார் உள்ளே, யார் வெளியே, கையெழுத்து போட்டாச்சா, அடையாள அட்டை இருக்கா. கேட்பாரில்லாமல் ஒரு பை கிடந்தால் தொடாதே, கயிறு கட்டு, மேலிடத்துக்குச் சொல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பார்.

"நாலு பேர் ஒரு மாதிரி பேசுறாங்க. விட்டுடு" என்றார்.

"நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. அப்புறம் பேசுங்க."

அதிசயமாக இருவருக்கும் ஒரே சமயத்தில் இரண்டு நாள் லீவு வந்தது. பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் ஓர் ஏரிக்கரை ஊர். அங்கே அறை எடுக்கலாம் என்றாள்.

"சரி, வரேன். ஆனா பாத்துட்டு வந்ததும் இந்தப் போன் விளையாட்டை மூட்டை கட்டிடணும்" என்றார் அவர்.

அவள் பதில் சொல்லவில்லை. அவருடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் அவள் வாயை மூடினால் என்ன அர்த்தம் என்று தெரியாவிட்டால் அதற்கு அவள் என்ன செய்வாள்? அவளுக்கு இந்த விளையாட்டும் வேண்டும், பக்கத்தில் இந்த மனுஷரும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது சொன்னால், சொல்கிறவரைத்தான் முறைப்பாள்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கே முதல் பெட்டி. நடைபாலத்தின் இரும்புக் கம்பிக்கு அடியில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. விரல் கனம் டப்பா. அவள் குனிந்து தடவிக்கொண்டிருந்தபோது அவர் பத்தடி தள்ளி நின்று, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். டப்பா கிடைத்ததும் எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோதானா? உள்ள ஒண்ணுமே இல்லையே."

"காகிதம் இருக்கே."

"அதுல என்ன?"

"நான் வந்தேன்னு எழுதணும்."

"நீ வந்தது எனக்குத் தெரியுமே."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?"

அவர் முகவாயைத் தடவிக்கொண்டார். டப்பாவைத் திரும்ப ஒட்டும்போது அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டதைக் கவனித்து, ஏன் என்று கேட்டார். விளையாட்டு தெரியாத வெளியாள் கண்ணில் படக்கூடாது, எடுத்துப்போய்விடுவார்கள் என்றாள். "அது என் வசனமாச்சே! வெளியாட்களுக்கு அனுமதியில்லைன்னு எங்க கேட்டுல பெருசா எழுதியே வச்சிருக்கோம்" என்று முதல்முறையாகச் சிரித்தார். சரி, மனுஷர் வழிக்கு வருகிறார் என்று அவளும் நினைத்தாள்.

சாயங்காலம் ஏரிப் பூங்காவுக்குப் போனார்கள். பழைய பம்ப் கொட்டகைக்குப் பின்னால் இரண்டாவது பெட்டி. மரத்தடியில் அம்புக்குறி தலை சுற்றியது போல ஆடியது. "நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாக்குறேன்" என்று போர்த்தியிருந்த சால்வையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பிரிந்தாள். அவள் வேர் இடுக்கில் கையை விட்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. அவருடைய விசில். லீவு நாளிலும் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

ஓடிப் போய்ப் பார்த்தால், குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் அவளுடைய சால்வையை இழுத்துக் கட்டியிருக்கிறார். அந்தப் பக்கம், கல் விலக்கிய இடத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு எவர்சில்வர் டப்பா. இந்தப் பக்கம் நடக்க வந்தவர்கள், ஐஸ்கிரீம் தின்கிறவர்கள், நாயைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். "எல்லாரும் பின்னாடி போங்க! பின்னாடி!" என்று இரண்டு கையையும் விரித்து விரட்டுகிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"தொடாத! இது விரல் டப்பா இல்ல, கேட்பாரில்லாத பெட்டி!"

"கேக்கத்தானே நான் வந்திருக்கேன்!"

அதற்குள் பூங்காக் காவலாளி வந்துவிட்டார். பெரிய மீசை, கையில் வாக்கிடாக்கி. யார் முதலில் பார்த்தது என்று கேட்டார். அவள் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் சார். நானும் செக்யூரிட்டிதான்" என்றார்.

"இந்தம்மா யாரு?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். முழங்கை வரை மண்ணும் தலையில் சருகுமாக நின்ற அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவங்க... சும்மா இங்க நின்னுட்டு இருந்தாங்க" என்றார்.

இவங்க! வீட்டில் 'ஏய்', 'இந்தா', 'இவளே' என்பதைத் தவிர வேறு தெரியாத வாய். கல்யாணமான நாளிலிருந்து வராத மரியாதை இப்போது வருகிறது. யாரோ என்று தள்ளி வைப்பதற்கு வந்த மரியாதை. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"நான் சும்மா நிக்கல" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அந்தப் பெட்டியைத் தேடித்தான் வந்தேன். இவர் என் வீட்டுக்காரர். ஆனா இந்த விஷயத்துல இவர் வெளியாள்."

சொல்லிவிட்டுத் தன் சால்வைக்கு அடியிலேயே குனிந்து உள்ளே போனாள். யாரோ "ஐயோ" என்றார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டேப்பைப் பிரித்து, டப்பாவைத் திறந்தாள். ஒரு கோலிக்குண்டு, ஒரு சாவி வளையம், கால் உடைந்த பிளாஸ்டிக் குதிரை, சுருட்டிய காகிதம். அவசரமே இல்லாமல் பேனாவை உதறி 'பக்கவாட்டுக்காரி' என்று எழுதினாள்.

"அதை இப்படிக் குடுங்கம்மா. குப்பையில போடணும்" என்றார் மீசைக்காரர்.

"குடுக்க மாட்டேன்."

"பூங்காவுல இந்த மாதிரி வைக்கக் கூடாது."

"உங்க ஆபீஸ்ல கேட்டு அனுமதி வாங்கித்தான் வச்சிருக்காங்க. இங்க எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க" என்று போனை நீட்டினாள்.

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"அது உங்களுக்கும் உங்க ஆபீசுக்கும் உள்ள சண்டை. நடுவுல இந்த டப்பா என்ன பாவம் பண்ணுச்சு?"

கூட்டத்தில் ஐஸ்கிரீம் தின்றவர் சிரித்துவிட்டார். மீசைக்காரர் வாக்கிடாக்கியில் பேசினார். "அட, அந்த விளையாட்டுப் பெட்டியா? அது இருக்கட்டும்பா, தொந்தரவு பண்ணாத" என்று கரகரவென்று ஒரு குரல் வந்தது. கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசி ஆள் போகும்வரை அவள் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கல்லை அடுக்கி மூடினாள். சால்வையை அவிழ்த்து உதறிப் போர்த்திக்கொண்டாள். அவரைப் பார்க்கவே இல்லை.

அறையில் ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"அத்தன பேர் முன்னாடி என்னை வெளியாள்னு சொல்லிட்ட."

"அத்தன பேர் முன்னாடி நீங்க என்னை இவங்கன்னு சொன்னீங்க."

அவர் காலுறையைக் கழற்றி ஷூவுக்குள் திணித்தார். பிறகு வேறு கதவைத் தட்டினார். "எப்படியோ, ஊருக்குப் போனதும் மூட்டை கட்டணும்னு பேசினபடி..."

"பேசினது நீங்க. நான் சரின்னு சொன்னேனா?"

"பேசாம இருந்தியே?"

"லிஃப்ட்ல நாள் பூரா பேசாமதான் இருக்கேன். அதுக்காக வர்றவன் போறவனுக்கெல்லாம் எதுக்காச்சும் சரின்னு சொல்லிட்டேன்னு அர்த்தமா?" விளக்கு சுவிட்சில் கையை வைத்தபடி சொன்னாள்: "நல்லா கேட்டுக்கங்க. உங்களுக்குப் பிடிக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன். பிடிக்கலைன்னா எனக்கு வருத்தம்தான். ஆனா விடமாட்டேன். உங்க தங்கச்சி பேசினாலும் சரி, ஊரே பேசினாலும் சரி. நாளைக்கு மேட்டு மேல ஒண்ணு இருக்கு. விடிஞ்சதும் போறேன். நீங்க தூங்குங்க."

விளக்கை அணைத்துவிட்டாள்.

காலையில் பன் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தனியாகத்தான் கிளம்பினாள். தெருமுனை தாண்டியதும் பின்னால் கீச்சு கீச்சென்று ஒரு ஷூ சத்தம். யாருடையது என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. நடையைக் குறைக்கவும் இல்லை. மேடு ஏற ஏற அந்தச் சத்தத்தோடு மூச்சு வாங்குகிற சத்தமும் சேர்ந்துகொண்டது. வரட்டும், வாய் இருக்கிறது, கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடட்டும் என்று ஏறினாள்.

மேட்டு உச்சியில் பாதி இடிந்த ஒரு கல் சுவர். அம்புக்குறி அங்கேதான் என்றது. அவள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேடினாள். இடுக்கெல்லாம் குச்சி விட்டுப் பார்த்தாள். இல்லை. வெயில் ஏறிவிட்டது. கீழே பஸ் நிலையத்தில் அவர்களுடைய பஸ் வந்து நிற்பது தெரிந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். அவர் இன்னொரு கல்லில், முகத்தை ஏரிப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுற?" என்றார், திரும்பாமலே.

"கிடைக்கலைன்னு."

"யாருக்குக் கிடைக்கல?"

"எனக்குத்தான்."

"நான் இன்னும் பாக்கவே இல்லையே."

எழுந்து, பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரின் ஒரு மூலையில் மண்டி போட்டார். காவல்காரர் தேடுவது எப்படியென்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஒரு கல்லையும் நம்புவதில்லை. தட்டுவார், காது வைத்துக் கேட்பார், முறைப்பார், அடுத்ததற்குப் போவார்.

அவள் பன்னைப் பிய்த்துத் தின்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"போகட்டும். அடுத்தது வரும்."

"சாயங்காலம்தான் வரும். உங்களுக்கு நாளைக்குக் காலையில டூட்டி."

"இங்கதான் எங்கயோ இருக்கு. என் கண்ணுல படாம எங்க போயிடும்?"

கீழே பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியே போய்விட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை. சுவரின் அடிவரிசையில் ஒரு பெரிய கல்லைப் பாதி நெம்பிவிட்டு, விட்டால் விழுந்துவிடும் என்ற நிலையில், முகம் சிவக்கத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தா, சீக்கிரம் வா! இதைப் பிடி! உள்ள என்னமோ பளபளங்குது!"

அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"ஊருக்குப் போனதும் போன் விளையாட்டை மூட்டை கட்டணுமா?"

"இப்பப் போய் என்ன பேச்சு! கல்லைப் பிடி!"

"சொல்லுங்க முதல்ல."

"கட்ட வேணாம் தாயே, ஒண்ணும் கட்ட வேணாம்! கை நழுவுது!"

"நீங்க கட்டச் சொன்னாலும் கட்டியிருக்க மாட்டேன்" என்றாள். மிச்சமிருந்த பன்னை வாயில் போட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய், கல்லின் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள்.