புதன்கிழமை என்று சொல்லவில்லை

எங்கள் பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் வண்டி பழுதாகி, ஒரு கிழமைக்கு மேலாகக் கரையோர ஒழுங்கைகளுக்குத் தண்ணீர் போகவில்லை. பத்திரிகை விடுமா? முன்பக்கத்திலேயே வெளுத்து வாங்கியது. அதில் ஒரு பெண் சொல்லியிருந்தார்: வருகிற வியாழக்கிழமை கணவரின் முப்பத்தோராம் நாள் கிருத்தியம், வீட்டில் சமைத்துச் சனத்துக்குச் சோறு போட வேண்டும், குடிக்கவே தண்ணீர் இல்லை.

பத்திரிகைகளுக்குப் பதில் சொல்லும் வேலை எப்போதும் என் தலையில்தான். செயலாளர் என்னை யாழ்ப்பாணத்தில் நடந்த ஊடகப் பயிற்சிக்கு அனுப்பினார்.

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் என்னைக் கமெராவுக்கு முன் இருத்தி, "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டார்.

"பவுசர் பழுது. வேறை ஒழுங்கு செய்யாதது எங்கடை பிழைதான். புதன்கிழமை வரும்" என்றேன்.

மண்டபமே சிரித்தது. "நாள் சொல்லாதீர்கள். தவறினால் அதுதான் அடுத்த தலைப்புச் செய்தி" என்றார் அவர். வருத்தம் தெரிவிக்க வேண்டும், நடவடிக்கை எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அதோடு வாயை மூட வேண்டும். மூன்றாம் தரம் சரியாகச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த நாள் நிருபர் தொலைபேசியில் கேட்டபோது அப்படியே ஒப்புவித்தேன். அச்சில் வந்தது. "நல்லாச் சொல்லியிருக்கிறியள்" என்றார் செயலாளர். புதன் காலை பவுசரைத் தருவதாகக் கராஜில் உறுதியாகச் சொல்லியிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சொன்னபடியே தந்தார்கள். முதலில் அந்தப் பெண் வீட்டுத் தாங்கியை நிரப்பும்படி சாரதியிடம் சொல்லி அனுப்பினேன். பத்து மணிக்குச் சாரதி அழைத்தார்.

"மிஸ், வீடு பூட்டிக் கிடக்கு. தாங்கி உள்ளுக்கை. என்ன செய்யிறது?"

பக்கத்து வீட்டில் இலக்கம் வாங்கி அந்தப் பெண்ணுக்கு அழைத்தேன். அவர் மானிப்பாயில் தமையன் வீட்டில் இருந்தார். கிருத்தியத்தை அங்கே மாற்றி, சனத்துக்கும் சொல்லி முடித்துவிட்டாராம். தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏசவில்லை.

"உங்கடை பதிலை வாசிகசாலையிலை ரெண்டு தரம் வாசிச்சனான், பிள்ளை. எப்ப வரும் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை. புதன்கிழமை எண்டு ஒரு சொல்லுப் போட்டிருந்தா, அவர் கட்டின வீட்டிலையே செய்திருப்பன்."