ஒழுகாத கூரை

இந்த ஊரில் மழை நாள் பார்த்துப் பெய்வதில்லை. தையிலும் பெய்கிறது, சித்திரையிலும் பெய்கிறது. காலையில் சிராங்கூன் ரோட்டில் மாட்டுவண்டிகள் கிளப்பும் புழுதியில் கண் எரியும். மலைமேல் பன்னிரண்டு மணிப் பீரங்கி வெடித்து, எல்லோரும் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட சற்று நேரத்தில் அதே ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். யாழ்ப்பாணத்தில் மாரி முடியட்டும் என்று ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், மாரி ஒருநாள் முடியும். பிறகு செய்துதான் ஆகவேண்டும். இங்கே மாரி தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட வசதியான ஊர் வேறு கிடையாது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம். கப்பலேறி வந்து இங்கே கந்தோர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான் செய்யவேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஊரில் காத்திருந்த என் மனைவி பாக்கியத்தை இங்கே அழைக்கவேண்டும். வீடும் அகப்பட்டிருந்தது. தேக்காவில் எருமைத் தொழுவங்களைத் தாண்டிப் போகும் சந்தில், நடுவே சின்ன முற்றம் வைத்த வீடு. வீட்டுக்காரி ஒரு நோன்யா; இங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்து மலாய் பேசும் சீனப் பெண்மணி. வெற்றிலை போட்ட வாயும் இடுப்பில் சாவிக் கொத்துமாக எப்போதும் வாசலிலேயே இருப்பாள். அவளிடம் "நாந்தி" என்று சொல்லிவிட்டு வருவேன். மலாயில் "பிறகு" என்று பொருள். இந்த நாட்டில் நான் முதலில் படித்த சொல் அதுதான். பிறகு அறைக்கு வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாங்கத்தைப் புரட்டுவேன். ஒரு நாளுக்குத் திதி சரியில்லை, இன்னொரு நாளுக்கு நட்சத்திரம் சரியில்லை, இரண்டும் சரியென்றால் கரிநாள். வேண்டாமென்று தேடுகிறவனுக்குப் பஞ்சாங்கம் ஒருநாளும் கைவிரித்ததில்லை.

நான் கப்பலேறியதும் நல்ல முகூர்த்தத்தில்தான். அப்போது பாக்கியம் கர்ப்பிணி. கடலடித் தந்திக் கந்தோரில் உத்தியோகம் கிடைத்தது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அங்கே செய்தி வருவது ஒரு காகித நாடாவில். மை கசியும் நுண்ணிய குழாய் நாடாவில் ஒரு கோட்டை நெளித்துக்கொண்டே போகும். அந்த நெளிவைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்கவேண்டும். நான் கைதேர்ந்தவன் என்று வெள்ளைக்கார மேலாளரே சொல்லியிருக்கிறார். ஒரு முற்பகல் நாடாவில் என் பெயர் வந்தது. அனுப்பியவர் மாமனார். பெண் பிள்ளை பிறந்து சில நாளில் போய்விட்டது, பாக்கியம் சுகம். ஒவ்வொரு எழுத்தாக நானே வாசித்தேன், நானே எழுதினேன், நானே கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டேன். அன்றோடு என் கை போய்விட்டது. நெளிவைக் கண்டால் கண் மங்கும், தப்புத் தப்பாக எழுதுவேன். மேலாளர் நல்ல மனிதர். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி முன்னறையில் தந்தி வாங்கும் மேசைக்கு மாற்றினார். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. திரும்ப வருகிறாயா என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவருக்கும் ஒரு நாந்தி சொல்லிவைத்தேன்.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம். பாக்கியம் வந்து இறங்கினால் என் முகத்தைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பாள் என்று நினைத்தேன். பிள்ளையைப் புதைக்க நீங்கள் ஏன் இல்லை? ஆகவே கந்தோர் விட்டதும் கட்டிலில் விழுவேன். சட்டைக்குப் பித்தான் போனால் பித்தான் இல்லாமலே போவேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவர் செல்லையா அண்ணை, சர்வே கந்தோரில் கிளாக்கர். அவருடைய வீட்டார் அடுத்த கப்பலில் கொழும்பிலிருந்து புறப்பட இருந்தார்கள். ஒரு நாள் காலை, சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு என் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஐசே, பாக்கியத்தையும் என்ரை வீட்டுக்காரியோடை வரச்சொல்லும். இந்தக் கப்பலை விட்டால் பிறகு ஆரோடை வரப்போறா?"

"பாப்பம் அண்ணை. ஆடி போகட்டும்."

"போன ஆடிக்கும் இதைத்தானே சொன்னனீர்?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் எனக்கும் சேர்த்துச் சோற்றைக் கட்டிவைத்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் நோன்யாவோடு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. முதல் தடவை அவள் ஏன் நாந்தி என்று கேட்டபோது, கிரகங்கள் சரியில்லை என்பதை மலாயில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், வானத்தைக் காட்டித் தலையை ஆட்டினேன். முற்றத்துக்கு மேலே தெரிந்த வானத்தைத்தான் காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மேலே பார்த்தாள். அடுத்த மாதம் போனபோது கூரையில் புது ஓடு. நல்லது என்று நினைத்து, மறுபடியும் விரலை மேலே காட்டி, இன்னும் சரியில்லை என்றேன். அதற்கடுத்த தடவை முற்றத்தைச் சுற்றி மழைநீர் வடியும் பீலியையே மாற்றியிருந்தாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. வீட்டைப் பராமரிப்பதில் எவ்வளவு கருத்தானவள் என்று செல்லையா அண்ணையிடம் புகழ்ந்து வேறு சொன்னேன்.

நான்காம் தடவை போனது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். வேண்டுமென்றே ராகு காலத்தில்தான் போனேன். அந்த வேளையில் எந்த முடிவும் எடுக்கமுடியாது என்ற தைரியம். உள்ளே காலை வைத்ததும் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நோன்யா என் கையைப் பிடிக்காத குறையாக அறை அறையாக அழைத்துப் போனாள். ஒவ்வொரு அறையிலும் நடுவில் நின்று மேலே கையைக் காட்டி, "தீடாக் போச்சோர்!" என்றாள். ஒழுகவில்லை. உண்மைதான், எங்கும் ஒரு சொட்டு இல்லை. கடைசி அறையில் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "ஆப்பா லாகி?" என்றாள். இன்னும் என்ன?

அப்போதுதான் புரிந்தது. என் கிரகங்களுக்காக ஒரு கிழவி ஓட்டையும் பீலியையும் மாற்றியிருக்கிறாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஒழுகாத கூரையின் கீழ் நின்று சொல்ல எனக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. வேறொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் கந்தோர்ச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். இங்கே விடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஊரில் விடியும். ஊர்ச் சூரியனுக்குக் கணித்த பஞ்சாங்கத்தை இந்தச் சூரியனின் கீழ் வைத்து நான் நாழிகை பார்த்திருக்கிறேன். தந்திக்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் இருந்தேன். கையை நீட்டினேன். நோன்யா கொத்திலிருந்து சாவியைக் கழற்றி வைத்தாள்.

நனைந்தபடியே கந்தோருக்குப் போனேன். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தேன். "வீடு எடுத்தேன். செல்லையா வீட்டாரோடு வா." நானே அனுப்பினேன். ஒரு எழுத்தும் தப்பவில்லை. பதில் வந்த அன்றும் நாடாவின் முன் நான்தான் இருந்தேன். அந்த நெளிகோடு வருகிறேன் என்ற சொல்லாக முடிந்தபோது நாடாவைக் கிழிக்க மனம் வரவில்லை. மறுநாள் முதல் என் பழைய மேசைக்குத் திரும்பிவிட்டேன். இன்றைக்கும் சில நாட்களில் கண் மங்கும். துடைத்துக்கொண்டு வாசிக்கிறேன்.

பாக்கியம் ஆடி மாதத்தில்தான் வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், நான் பயந்த கேள்வியைக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "பிள்ளை உங்கடை சாடைதான். நெத்தி அப்பிடியே" என்றாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் இத்தனை காலம் ஓடியிருக்கிறேன்.

அடுத்த நாள் நோன்யா ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்தாள். அவளுக்கும் பாக்கியத்துக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. வயிற்றருகே கையைத் தாழ்த்திக் காட்டி, பிள்ளைகள் எத்தனை என்று நோன்யா சைகையில் கேட்டாள். பாக்கியம் ஒரு விரலைக் காட்டினாள். பிறகு அந்த விரலை முற்றத்துக்கு மேலே, வானத்துக்கு உயர்த்தினாள். நாளைக்கே ஓட்டுக்காரன் வந்துவிடுவான் என்று நான் பதறி, குறுக்கே பேசப் போனேன். நோன்யா கூரையைப் பார்க்கவில்லை. பாக்கியத்தின் முகத்தையே பார்த்தாள். பிறகு மூன்று விரல்களைக் காட்டி, மெதுவாகத் தானும் கையை மேலே உயர்த்தினாள்.

இப்போது விடியற்காலையில் முற்றத்தில் வெளிச்சம் விழுந்ததும் பாக்கியம் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள், அடுப்பை மூட்டுகிறாள். சுவாமி விளக்கை மட்டும் ஏற்றுவதில்லை. பிள்ளை கிடக்கிற மண்ணில் இன்னும் இருட்டாம். நான் கந்தோருக்குப் புறப்படும் நேரத்தில், அங்கே விடிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, நல்ல வெயிலில் அவள் விளக்கை ஏற்றுகிறாள்.