பச்சை காட்டிய பெட்டி

கீழே பட்டறை, மேலே வீடு. சூலூரில் பனியன் துணியில் படம் அச்சடிக்கும் தொழில் எங்களுடையது. சாயம், தின்னர், அச்சுச் சட்டம் கழுவும் திரவம், எல்லாவற்றின் ஆவியும் மாடிப்படி ஏறி வந்து எங்களோடு சாப்பிட்டது, எங்களோடு தூங்கியது. எனக்கு அது தெரிவதில்லை. வந்தவர்கள் மூக்கைப் பொத்தினால்தான் தெரியும்.

மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய மாதம். கோவையில் புகுந்த வீட்டில் இருந்த அவள், உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினாள். காற்றில் கலந்த ரசாயன ஆவியை அது முகர்ந்து சொல்லுமாம். கெட்ட காற்றுக்குச் சிவப்பு, நல்ல காற்றுக்குப் பச்சை.

“அது பச்சையா இருந்தா வாரனுங்கப்பா. இல்லாட்டி டாக்டரம்மா வேண்டாங்கறாங்க.”

அவளுக்கென்று ஒழித்த அறையில் பெட்டியை வைத்தோம். சிவப்பு. சன்னலைத் திறந்தோம். சிவப்பு. படிக்கட்டுக் கதவின் இடுக்கில் ரப்பர் ஒட்டினோம். அப்போதும் சிவப்பு. சில நாளில் மஞ்சளானது. பிறகு ஒரு காலையில் பச்சை.

“ரப்பர் வேலை செஞ்சுபோட்டுதுங்க!” மனைவி அன்றே புது மெத்தை வாங்கினாள், தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டச் சொன்னாள். மாட்டினேன். சந்தோஷம் வரும் என்று நின்றேன். கை மட்டும் வலித்தது.

நடுவில் அன்னூரில் என் தங்கை வீட்டுக் காதுகுத்து. பேட்டரியில் ஓடும் பெட்டிதானே, தங்கை பார்க்க ஆசைப்பட்டாள் என்று அணைக்காமலே எடுத்துப் போனோம். விசேஷம் முடியும்வரை வாழைத்தோட்டம் பார்த்த சன்னலில் இருந்தது. திரும்பி வந்து அதே அறையில், அதே மேசையில் வைத்தேன்.

சிவப்பு.

மகளுக்குப் போன் போட்டேன். பெட்டிக்கான விளக்கப் புத்தகத்தை நெட்டில் தேடிப் படித்துவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

“அது இருக்கற எடத்துக் காத்தையே நாளாக நாளாக நல்ல காத்துன்னு எடுத்துக்குமாமாங்கப்பா. மாறுனாத்தான் சொல்லுமாமா.”

“அப்ப அந்தப் பச்சை?”

“பழகிப் போச்சுங்கப்பா. உங்களாட்டவே.”

சிரித்தாள். நானும் சிரித்தேன், சத்தம் மட்டும்.

மனைவிக்கு ஆறவில்லை. “ஒரு டப்பா பேச்சக் கேட்டுப் புள்ளைய வேண்டாங்கறீங்களா? இந்த ஊட்லதானுங்க அவளப் பெத்தேன்.”

“அப்பக் கீழ பட்டறை இல்லியே அம்மணி.”

“ரெண்டு மாசம் மூடிப்போடுங்க.”

“மூடுனா? செவுத்துல ஏறுனது எறங்கீருமா?”

அவள் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். நான் மகளைக் கூப்பிட்டு, “அங்கயே இரு கண்ணு” என்றேன். அடுத்து சம்பந்தியம்மாவிடம் பேசினேன். “அதுக்கென்னங்க, இதுவும் உங்க ஊடுதானுங்க” என்றார். குத்தவேண்டிய வார்த்தை. எங்கே குத்தியது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பிரசவத்துக்கு மனைவி பை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பேத்தி பிறந்ததும் நானும் போனேன். குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

மகள் கொடுக்கவில்லை. மூக்கைச் சுருக்கினாள். “குளிச்சுட்டுத்தானே வந்தீங்கப்பா?”

குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன். துண்டு கேட்டு வாங்கி, அவர்கள் வீட்டுக் குளியலறையில் மறுபடி குளித்தேன்.