அக்கா ரகம் பிரித்த நட்சத்திரம்

பெரிய மெகல்லன் மேகத்தை மலேசியாவிலிருந்து பார்க்க முடியுமா, எங்கே போகவேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். நான் 1987 மார்ச் கடைசியில், அமாவாசைக்கு முந்தைய வெள்ளி, சனியில் போனேன். பழைய டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைய கட்டணங்களைப் படித்துவிட்டு யாரும் பெருமூச்சு விட வேண்டாம்.

மேகம் என்பது பெயரில்தான். அது நம் பால்வெளிக்குப் பக்கத்து வீட்டு விண்மீன் மண்டலம். அந்தப் பிப்ரவரியில் அதில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. வெறுங்கண்ணுக்கே தெரிகிற அளவில் இப்படி ஒன்று வெடித்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தென்பாதி உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நின்றன.

நான் அப்போது ரவாங் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். கோலாலம்பூரில் வானம் பார்க்கும் சிறு குழு ஒன்றில் உறுப்பினர். அந்த நட்சத்திரத்தின் பிரகாசத்தை உறுப்பினர்கள் கண்ணால் மதிப்பிட்டு அனுப்பினால், குழு அவற்றைத் திரட்டி வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு அனுப்பும். எண் சிறியதென்றால் வெளிச்சம் அதிகம். அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு எண் போடவேண்டும். அந்தப் பட்டியலில் என் பெயரும் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. உண்மையான ஆராய்ச்சியில் என் கண்ணுக்கும் ஓர் இடம். அதை நினைத்து ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளி பகல் 1.30க்கு ரவாங்கில் பஸ். பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோலசிலாங்கூர், ஐம்பது கிலோமீட்டர் இருக்கும், 2 வெள்ளி 40 காசு (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்).​ அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அசாம் ஜாவா. பக்கத்து ரப்பர் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில்தான் என் அக்கா சரோஜா இருந்தார். புகையறையில் காய்ந்து வரும் ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிக்கும் வேலை.

அன்று மாலையே டாக்சி பிடித்து ஜெராம் கடற்கரைக்குப் போனேன். தெற்கே கிள்ளான் பக்கத்து வெளிச்சம், போதாக்குறைக்கு மேகம். பத்து நிமிடம் வானம் திறந்தது. பைனாகுலரில் ஒரு வெள்ளைப் புள்ளி கிடைத்தது. இதுதான் என்று 4.3 எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். 4.3 என்பது அந்த வாரம் பத்திரிகையில் வந்திருந்த எண். முன்கூட்டியே எண்ணைப் படிக்காதீர்கள் என்று குழு சொல்லியிருந்தும் நான் படித்திருந்தேன்.

மனசு அரித்தது. சனிக்கிழமை, திறந்த வயல்வெளி தேடி சுங்கை பஞ்சாங் போவதென்று முடிவு செய்தேன். அக்காவும் வருகிறேன் என்றார். டாக்சிக்காரர் முனியாண்டி அண்ணன் போக, வர, காத்திருக்க 35 வெள்ளி கேட்டார்.

"நட்சத்திரம் நம்ம லயத்து மேலயும்தானே இருக்கு தம்பி? அதுக்குப் போயி அறுவது கிலோமீட்டரா?"

"தெக்குல மரம் மறைக்குதுண்ணே."

"மரத்த வெட்டுனா செலவு கம்மிலா," என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

7.40க்குச் சேர்ந்தோம். அறுவடை முடிந்த வயல், தெற்கே அடிவானம் வரை தடையே இல்லை. 8.15க்கு நன்றாக இருட்டியது. அகத்தியர் நட்சத்திரம் உயரத்தில் பளிச்சென்று நிற்க, அதற்குக் கீழே, கையை நீட்டி அளந்தால் அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில், மங்கலான வெண்திட்டு. அதுதான் அந்த மண்டலம். ஓரிரு கணம் பட்டியலும் உறையும் மறந்தே போயின.

ஜெராமில் பார்த்த புள்ளிக்குப் பைனாகுலரைத் திருப்பி அக்காவிடம் கொடுத்தேன். எந்த எண்ணும் சொல்லவில்லை.

"இதுல எதுடா ஒன்னோடது?"

"நடுவுல இருக்கறது. வெள்ளையா."

அக்கா வெகுநேரம் பார்த்தார். "பக்கத்துல ஒன்னு புகை கூடிப்போன ஷீட்டு மாதிரி செவந்து கெடக்கே. அது என்ன?"

எங்கோ வைக்கோல் எரிக்கிறார்கள், அந்தப் புகையில் சிவப்பாகத் தெரிகிறது என்றேன்.

"புகைன்னா ரெண்டும்லா செவக்கணும்? ஒன்னோடது மட்டும் எப்படி வெள்ளையா இருக்கு?"

குழு தந்த வரைபடத்தை டார்ச்சில் பார்த்தேன், அக்கா காட்டிய சிவப்புதான் சரி. வெடித்த நட்சத்திரம் நாளுக்கு நாள் சிவந்து வருகிறது என்று குழுவின் கடிதத்திலேயே இருந்தது. ஜெராமில் நான் அளந்தது வேறு ஏதோ ஒரு நட்சத்திரத்தை. தரப் பரிசோதகன் என்று சம்பளம் வாங்குகிறவனுக்கு முகம் சிவந்தது, நல்லவேளை இருட்டு.

எப்படி எண் போடுவது என்று அக்காவுக்கு விளக்கினேன். விளக்கவே தேவைப்படவில்லை. தினமும் செய்கிற வேலைதானே என்றார். பைனாகுலரை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று என்று மாறிமாறிப் பார்த்தார். "வெளிச்சத்துல அந்தப் பெருசுக்குக் கீழ, இந்தச் சின்னதுக்குக் கொஞ்சம் மேல." வரைபடத்தில் அந்த இரண்டுக்கும் போட்டிருந்த எண்களை வைத்துப் பார்த்தால் 4.2. அது வெடித்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, வெளிச்சம் வந்து சேர இவ்வளவு காலம் என்றேன். "அப்ப பழைய ஸ்டாக்குன்னு சொல்லு," என்றார் அக்கா.

ஒட்டிய உறையை அங்கேயே கிழித்தேன். புதுத் தாளில் 4.2 எழுதினேன். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. என் பெயரை எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சரோஜா, அசாம் ஜாவா என்று எழுதினேன்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச் அமாவாசையை ஒட்டிய நாட்கள், இரவு எட்டு மணி, தெற்கே வெளிச்சம் இல்லாத வயல். கொசு மருந்து அவசியம். அந்த நட்சத்திரம் எப்போதோ மங்கிவிட்டது, மண்டலம் அங்கேயேதான் இருக்கிறது. கூடவே பத்திரிகை படிக்காத ஒருவரை அழைத்துப் போங்கள், அவரை முதலில் பேசவிடுங்கள்.

மே மாதம் குழுவின் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. அக்காவின் பெயர் இருந்தது. தாளை அவர் ரகம் பிரிக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து, "இது எந்தத் தோட்டத்துக் கணக்கும்மா?" என்று கேட்டாராம்.

"ரொம்பத் தூரத்துத் தோட்டம்ங்க," என்றாராம் அக்கா, கையிலிருந்த ஷீட்டை இறக்காமலே. "ரகம் மட்டும் நான் பிரிச்சேன்."