ஒரு தரம் கேட்டுவிட்டு நகர்ந்தேன்

மூன்று வருடங்களுக்கு முன், பனி கொட்டிய ஒரு ஜனவரியில், கனடாவின் ஸ்காபரோவில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் பதினொரு வருடம் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். அதை மூடியதும், நாற்பத்திரண்டு வயதில் கொலிஜுக்குப் போய், முதியவர்களைப் பராமரிக்கும் எட்டு மாதப் படிப்பை முடித்தேன். வகுப்பில் நான்தான் முதல். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். கணவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இல்லத்தின் மேலாளர் நேர்முகத்திலேயே சொல்லிவிட்டார், இங்கே தமிழ் ஆட்கள் கூடிவிட்டார்கள், அவர்களைப் புரிந்துகொள்ள ஒருவர் வேண்டும் என்று. அதற்கென்ன, அது படிக்காமலே வரும் என்று நினைத்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள்.

என் பொறுப்பில் வந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொரு வயது. மனைவி போன பிறகு இங்கே வந்தவர். ஒரே மகன் தொலைவில், எட்மன்டனில். பேச்சு, நினைவு எல்லாம் தெளிவு. காலையிலேயே சவரம் செய்து, சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டி, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல மேசையில் அமர்ந்திருப்பார்.

கொலிஜில் எங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்த பாடம் ஒன்று உண்டு. கேள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, அது அவருடைய உரிமை. நானும் அப்படியே நடந்தேன். முதலில் வைக்கும் சிறிய பங்கை அவர் முடித்ததும், "அங்கிள், இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்பேன். "வேண்டாம் பிள்ளை, காணும், போதும்" என்பார். சரியென்று அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். பின்னேரத் தேநீருக்கும் பிஸ்கற்றுக்கும் இதே கதைதான். பதிவில் 'மறுத்துவிட்டார்' என்று குறிப்பேன். மற்ற ஷிப்டில் இருந்தவர்களும் அதையே குறித்தார்கள். வேலை சுத்தமாகப் போகிறது என்று எனக்குப் பெருமை வேறு.

ஐந்தாவது வாரம் தாதி என்னைக் கூப்பிட்டார். அங்கிளின் நிறை மூன்று கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் பிடிபடவில்லை. வயிற்றில் கட்டி ஏதும் இருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகனுக்கும் அறிவித்துவிட்டார்கள். நீயும் தமிழ்தானே, உன்னிடமாவது ஏதும் சொன்னாரா என்று தாதி கேட்டார். வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்ய என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் முடித்து, ஒன்றும் சாப்பிடாமல் நேரே ரூஜ் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர் மகள், அப்போதுதான் பொரித்த ரோல்ஸை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து, "சித்தி, ரோல்ஸ் வேணுமா?" என்றாள். "வேண்டாம் பிள்ளை" என்றது என் வாய். "ஓகே" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்!

அடி பாவி, இன்னொருக்கால் கேட்கமாட்டாயா! வயிறு காந்தியது. எழுந்துபோய்க் கேட்க மானம் விடவில்லை. எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. கேட்டவுடனே கையை நீட்டினால் சோற்றுக்குப் பறக்கிற பறக்காவெட்டி என்று பெயர் வந்துவிடும். வீட்டுக்காரர் விடாமல் பிடித்து வைத்தபிறகுதான் சாப்பிடுவோம். அந்தக் கதிரையில் இருந்தபடியே எனக்கு அங்கிளின் முகம் நினைவுக்கு வந்தது. நாற்பது வருடம் இதற்குள்ளேயே வளர்ந்தவள், எட்டு மாதத்தில் எப்படி மறந்துபோனேன்?

திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி கேட்டேன். அதே பதில்தான். "என்னத்தைக் காணும்? குருவிக்கு வைச்ச மாதிரிக் கிடக்கு. சும்மா சாப்பிடுங்கோ அங்கிள்" என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். "சொன்னாலும் கேக்கமாட்டீர்" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டார். திரும்பவும் வைத்தேன். அதையும் முடித்தார். அதற்கு மேல் கரண்டியைக் கொண்டுபோனபோது கையால் தட்டை மூடினார். அதுதான் நிசமான வேண்டாம்.

தாதியிடம் போய், அவர் மறுக்கவில்லை, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. இனி எல்லோரும் மூன்று தரம் கேட்கவேண்டும் என்று அங்கிளின் பதிவில் எழுதிவைத்தார். டொக்டர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கச் சம்மதித்தார். நிறை ஏறத் தொடங்கியது. ஆஸ்பத்திரிப் பயணம் தேவைப்படவில்லை.

பிறகொருநாள், பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அங்கிளிடம் கேட்டேன்.

"நீர் ஒருக்காக் கேட்டிட்டு உடனே எடுத்துக்கொண்டு போறீர். சாப்பாடு காணாதாக்கும், மற்றவைக்கும் வேணும்தானே எண்டு நினைச்சன்" என்றார். அதில் கோபமும் இல்லை, குறையும் இல்லை.

கொலிஜில் படித்த விதி பிழையென்று நான் சொல்லமாட்டேன், இன்றும் மூன்று தரம் கேட்டபிறகு அதன்படிதான் நடக்கிறேன். ஆனால் அந்த ஐந்து வாரமும் நான் 'மறுத்துவிட்டார்' என்று எழுதிய ஒவ்வொரு தரமும், மற்றவர்களுக்குக் காணட்டும் என்று ஒரு மனிதர் பசியோடு எழுந்து போயிருக்கிறார் என்பதை நினைத்தால், இப்போதும் என் தட்டில் சோறு ஆறிப்போகிறது.