பெரியக்காவின் வலது கை

ஆபரேஷன் தியேட்டரில் எல்லாரும் அந்த நர்ஸைப் ‘பெரியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சர்ஜன் வாய் திறக்கும் முன்பே கத்தரி அவர் கைக்குப் போய்விடும். அப்படிப்பட்டவளுக்குச் சில வாரங்களாக வலது கை நடுங்கியது. வெளியே சொன்னால் தியேட்டரை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று மறைத்துவிட்டாள்.

ஊழியர்களுக்கு உடல்நலப் பரிசோதனை என்று ஆஸ்பத்திரி அறிவித்த அன்று, துணி வைக்கும் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். கூட வேலை பார்க்கும் சின்ன நர்ஸ் தேடி வந்துவிட்டாள்.

“வாங்கக்கா, நீங்க மட்டும்தான் பாக்கி.”

“எனக்கு ஒண்ணுமில்லடி. நீ போ.”

“கத்தரி தட்டுல கிணுகிணுன்னு அடிச்சத நானும் கேட்டேன்க்கா. யார்கிட்டயும் சொல்லல. ஆனா டேபிள்ல படுத்திருக்கறவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?”

வேலை போவதைப் பற்றியே பயந்துகொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் உடம்பு சில்லிட்டது. எழுந்து பரிசோதனைக்குப் போனாள்.

கை நடுக்கத்தைச் சொன்னதும் டாக்டர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். “தைராய்டா இருக்கும்னு தோணுது. ரத்தம் பாத்துடலாம். அதுவரைக்கும் தியேட்டர் வேண்டாம்.”

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மாத்திரையில் நடுக்கம் அடங்கி, சில மாதங்களில் தியேட்டருக்குத் திரும்பி வந்தாள். முதல் ஆபரேஷன் முடியும்வரை, கத்தரி தட்டில் அடிக்கிறதா என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.